மாமா தோற்ற ஒரே ஆட்டம்

என் மாமாவுக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மீன் எடுக்க வருகிற வியாபாரி வாயைத் திறக்கும் முன்னரே “இது நேற்றையான் மீன்” என்று சொல்லி விலையைக் கெடுத்துக்கொள்கிற மனிதர் அவர். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். அம்மாவுக்கு ஒரே தம்பி. முல்லைத்தீவுக் கடற்கரையில் எங்கள் வீட்டோடேயே இருந்து, அப்பாவோடு ஒரே படகில் தொழிலுக்குப் போய்வந்தார். அப்படிப்பட்டவர் ஒரு பொய்யை மாதக்கணக்காகக் காவிக்கொண்டு திரிந்தார் என்பதை அறிந்தபோது நான் நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த அதிர்ச்சி எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை.

எல்லாம் ஒரு கல்யாணப் பேச்சில் தொடங்கியது. எங்கள் ஊர் முன்பள்ளிக்குப் படிப்பிக்க வந்த ரீச்சரை மாமாவுக்குப் பிடித்துப்போயிற்று. ரீச்சருக்கும் மாமாவைப் பிடித்திருந்தது. ரீச்சரின் தகப்பனுக்குத்தான் பிடிக்கவில்லை. அவர் வவுனியாவில் இருந்தார், ஓய்வுபெற்ற தபாலதிபர். நாங்கள் அவரை ஐயா என்போம். கடல் தொழில் செய்கிறவனுக்குப் பெண் கொடுக்க அவருக்கு மனமில்லை. அதை மகளின் முகத்துக்கு நேரே சொல்லவும் மனமில்லை. அவருக்குச் சதுரங்கம் என்றால் உயிர். ஆகவே, பையன் என்னோடு கொஞ்ச நாள் போனில் செஸ் விளையாடட்டும், ஆளை அதில் பார்த்துச் சொல்கிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டார். மாமா இரண்டு ஆட்டத்தோடு ஓடிவிடுவார் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

மாமா ஓடவில்லை. முதல் ஆட்டத்தையே வென்றார். அடுத்ததையும் வென்றார். பின்னேரங்களில் வலை வேலை முடிந்ததும் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார், நான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருப்பேன். வவுனியாவில் ஐயா ஒரு காயை நகர்த்துவார், இங்கே மாமா பதில் வைப்பார். வைப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மடியில் கிடந்த இன்னொரு போனைப் பார்ப்பார். கண்ணாடி வெடித்த பழைய போன் அது. ஏன் அதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், “காத்துப் பாக்கிறன் பிள்ளை” என்பார். எங்கள் ஊரில் கடலுக்குப் போகிற எல்லோரும் போனில்தான் காற்றுப் பார்ப்பார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

ஒருநாள் படகு தள்ள ஆள் வேண்டுமென்று யாரோ கூப்பிட, மாமா போன்களைக் கதிரையில் வைத்துவிட்டு ஓடினார். காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்போமே என்று நான் வெடித்த போனைத் தூக்கினேன். அதில் காற்று இல்லை. சதுரங்கப் பலகை இருந்தது. நல்ல போனில் எந்தக் காய் எங்கே நின்றதோ அதே காய் இதிலும் அங்கேயே நின்றது. ஒரு குதிரையிலிருந்து பச்சை அம்புக்குறி ஒன்று போயிற்று. மாமா திரும்பி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, அதே குதிரையை அம்புக்குறி காட்டிய அதே இடத்தில் வைத்தார்.

நான் வெடித்த போனைச் சுட்டிக்காட்டினேன்.

“போனோ மாமா சொல்லித் தாறது?”

மாமா சுற்றும்முற்றும் பார்த்தார். “கத்தாதை. இது கல்குலேட்டர் மாதிரித்தான்.”

“சோதினைக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக விடமாட்டினம்” என்றேன். ரீச்சருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, சொல்லிப்போடாதே என்றார். என் மாமா கெஞ்சுவதை நான் அன்றைக்குத்தான் முதல் முறை பார்த்தேன்.

அதற்குப் பிறகும் வெற்றிகள் தொடர்ந்தன. ஒரே ஒரு நாள்தான் மாமா தோற்றார். அன்றைக்கு விடியற்காலையில் தொடங்கிய மழை விடவில்லை, கரண்ட் இல்லை, வெடித்த போன் செத்துப்போய்க் கிடந்தது. ஐயா அங்கே காத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் மாமா தானாகவே விளையாடினார். காய்கள் எப்படி நகரும் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. தன்னுடைய ராணியைக் கொண்டுபோய் ஐயாவின் காலாள் வெட்டக்கூடிய கட்டத்தில் சும்மா நிறுத்தினார். ஐயா அதை வெட்டவில்லை. யோசித்தார், யோசித்தார், எனக்குக் கொட்டாவி வரும்வரை யோசித்துவிட்டுத்தான் வெட்டினார். ஆட்டம் முடிந்ததும் அழைப்பு வந்தது. “என்ன பெரிய பொறி வைச்சனீர் தம்பி. நான் விழேல்லை கண்டீரோ” என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். மாமா, “ஓம் ஐயா, ஓம் ஐயா” என்று தலையாட்டினார்.

அந்த ஒரு வெற்றியோடு ஐயா ஆளே மாறிப்போனார். இப்படிப்பட்ட மூளைக்காரனைத் தான் மடக்கிவிட்டேன் என்று வவுனியா முழுக்கச் சொல்லித் திரிவதாக ரீச்சர் வந்து சொன்னார். அந்த ஆட்டத்தைக் கடையில் பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தாராம். கல்யாணத்துக்கும் மனம் இளகிவிட்டது. நான் மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல்நன்மைக்கு வருவதாகவும், அன்றைக்கே நாள் குறிப்போம் என்றும் சொல்லிவிட்டார். அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

இதற்குள் எனக்கு வேறொரு பிரச்சினை வந்துசேர்ந்தது. முதல்நன்மைக்கு முதல் நாள் கோயில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், செய்த பாவத்தையெல்லாம் சொல்ல வேண்டும். கோயில் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் இருந்தவை ஒரே பாவங்கள்தான். அம்மா சொல்லுக் கேளாதது, தம்பிக்கு அடித்தது. எனக்குத் தம்பியும் இல்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று கவலையாக இருந்தது. ஆகவே மாமாவுடையதை எடுத்துக்கொண்டு போனேன். முழங்காலில் நின்று, என் மாமா போனைப் பார்த்து விளையாடி ஓர் ஐயாவை ஏமாற்றுகிறார் என்றேன். உள்ளே ஃபாதர் இருமினார். பிறகு, “உன்ரை பாவத்தைச் சொல்லு பிள்ளை” என்றார் ஃபாதர். “இது எங்கடை வீட்டுப் பாவம் ஃபாதர்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். உங்களுக்கும் சேர்த்துச் சொல்லியாயிற்று, இனிப் பயமில்லை என்றேன். மாமாவின் முகத்தில் இரத்தமே இல்லை. ஃபாதர் அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது சட்டம் என்று நான் விளக்கினேன். அது மாமாவின் காதில் ஏறவில்லை. ஏனென்றால் மறுநாள் மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு வரவிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஐயா, மற்றவர் ஃபாதர்.

ஐயா பஸ்ஸில் வந்து இறங்கினார், கக்கத்தில் மரச் சதுரங்கப் பலகையோடு. ஃபாதருக்குப் பக்கத்தில் இருந்து நண்டுக்கறியோடு சாப்பிட்டார். சாப்பாட்டின் நடுவிலேயே சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்து, ராணியை மாமா எப்படிப் பொறியாக வைத்தார், தான் எப்படித் தப்பினேன் என்று ஃபாதருக்கு விளங்கப்படுத்தினார். ஃபாதர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சோற்றுக் கோப்பைக்குள் குனிந்து நண்டுக் காலை உடைக்கத் தொடங்கினார். மாமா ஃபாதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவி வந்ததும் ஐயா மேசையில் பலகையை விரித்துக் காய்களை அடுக்கினார். மாமா கதிரையில் இருக்கவில்லை, நின்றார்.

“ஐயா, எனக்கு விளையாடத் தெரியாது.”

ஐயா சிரித்தார். அடக்கமான பிள்ளை என்று ஃபாதரிடம் சொன்னார்.

“இல்லை ஐயா. நான் விளையாடேல்லை. போனிலை ஒரு புரோகிராம் இருக்கு. நீங்கள் வைக்கிற காயை அதிலை வைப்பன். அது சொல்லுறதை உங்களுக்கு வைப்பன்.”

பாயாசம் கொண்டுவந்த அம்மா குசினி வாசலில் தட்டோடு நின்றார். ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ஐயா கத்துவார் என்று நான் காதைப் பொத்தத் தயாரானேன். அவர் கத்தவில்லை. மெதுவாக அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்து, விரலால் தொட்டார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம்கூட வந்தமாதிரி இருந்தது.

“அப்ப இதுவும் போன்தானோ தம்பி?”

அவர் என்ன கேட்டார் என்பது மேசையைச் சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் விளங்கியது. அதுவும் போன் என்றால், அவர் வென்றது யந்திரத்தை. யாராலும் வெல்ல முடியாததை வென்றிருக்கிறார். மாமா ஓம் என்றால் போதும், எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும். ஐயாவுக்குப் பின்னால் நின்ற ரீச்சர், ஓம் சொல்லுங்கோ என்று தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். அம்மாவும் காட்டினார். மாமா தாளைப் பார்த்தார்.

“இல்லை ஐயா. அண்டைக்குக் கரண்ட் இல்லை. அது நான்.”

ஐயா காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டார். எழும்பும்போது மாமாவின் முகத்தைப் பார்க்காமல், “அந்த ஒண்டையாவது போன் எண்டு சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். பொய்க்காகப் பெண் இல்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்திருந்த நான் திகைத்துப்போனேன். பெரிய மனிதர் ஒருவர், ஃபாதரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பொய்யைக் கேட்டார்.

கல்யாணம் ஒரு வருடம் தள்ளித்தான் நடந்தது, அதுவும் ரீச்சரின் பிடிவாதத்தால். ஐயா கோயிலுக்கு வந்தார், ஆசீர்வதித்தார், மருமகனோடு மரியாதையாகக் கதைத்தார். அதற்குப் பிறகு அவர் யாரோடும் செஸ் விளையாடவில்லை என்று, எனக்கு மாமியாகிவிட்ட ரீச்சர் சொல்லுவா. ஆனால் அந்த மத்தியானத்தில் இன்னும் ஒரு காரியம் நடந்தது, அதைச் செய்தது நான்.

ஐயா வாசலில் குனிந்து செருப்பைக் கொழுவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. முதல்நன்மை எடுத்த நாளில் ஒரு நல்ல காரியமாவது செய்ய வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டையோடு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

“கவலைப்படாதேங்கோ ஐயா. அந்த ஆட்டம் நீங்கள் உண்மையாத்தான் வெண்டனீங்கள். நான் பக்கத்திலை இருந்து பாத்தனான். அது பொறி இல்லை, மாமாவுக்கு ஒண்டுமே தெரியாது.”

ஐயா என் தலையில் கையை வைத்தார். பிறகு வாசல் படலையைத் திறந்துகொண்டு போனார். அம்மா வந்து என்னை விறுவிறென்று உள்ளே இழுத்துக்கொண்டு போனார், ஏன் என்று சொல்லவில்லை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவரை ஆறுதல்படுத்திவிட்டேன் என்ற சந்தோசத்தில், பொழுதுபடும்வரை சட்டையை மாற்றாமலே திரிந்தேன்.