வலிக்குதா என்று கேட்டால்

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் போன முதல் விஷயம், இந்த ஊர்க்காரர்கள் வலியைச் சத்தம் போட்டுச் சொல்வதுதான். காலையில் வாசல் தெளிக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். இடுப்பு கழண்டு போச்சுங்க, முட்டி நோவுதுங்க என்று மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேதி போகும். பால் ஊற்ற வருகிறவர் சைக்கிளை நிறுத்தித் தன் பங்குக்குக் குதிகால் வலியைச் சொல்லிவிட்டுப் போவார். எனக்கு ஒரே கூச்சமாக இருக்கும். இதையெல்லாம் போய் வெளியில் சொல்வார்களா! நான் வளர்ந்த இடத்தில் வலி உள்பாவாடை மாதிரி. எல்லோருக்கும் உண்டு, யாரும் காட்ட மாட்டார்கள்.

குமுளிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில் பிறந்தவள் நான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடைத்த வீடுகள், வீட்டுக்கு ஒன்றரை அறை. வீடு கம்பெனியுடையது. வேலைக்குப் போகிற வரைக்கும்தான் அது நமக்கு வீடு. வருசத்துக்கு ஒரு தடவை டிஸ்பென்சரியில் டாக்டர் வந்து எல்லோரையும் நிற்க வைத்துப் பார்ப்பார். வேலைக்கு ஆகாது என்று அவர் எழுதிவிட்டால், கதவுச் சாவியைக் கொடுத்துவிட்டு மலை இறங்க வேண்டியதுதான். மூட்டு வலி என்று உள்ளதைச் சொன்ன ஒருத்தி, அடுத்த மழைக்கு முன்னால் சட்டி பானையோடு கம்பத்துக்கு இறங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் அம்மா வலது முழங்கையில் துணியை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவாள். எனக்குப் பத்து வயசு ஆகும் முன்பே சொல்லிக் கொடுத்துவிட்டாள். "வெள்ளைக் கோட்டுக்காரன் வலிக்குதான்னு கேட்டா, இல்லன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை உன் வாயில வரக்கூடாது, ஆமா."

அதே கை எனக்கும் வந்தது. பன்னிரண்டு வருசம் தற்காலிகக் கூலியாக, கொழுந்து வெட்டும் பெரிய கத்திரியைப் பிடித்தேன். அம்மாவின் வேலை தம்பிக்குப் போனது, வீடும் அவனோடு போனது. புருசனும் இல்லாமல் போன பிறகு எலப்புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்கு வந்தேன். தண்ணீர்க் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் நட்டு முறுக்கும் வேலை. நாள் முழுக்க முறுக்கு, முறுக்கு, முறுக்குதான். மூன்றாம் வருசம் டீ தம்ளரைத் தூக்க முடியவில்லை. ஈரத்துணி பிழிய முடியவில்லை. பாலக்காட்டு டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு டென்னிஸ் எல்போ என்றார். டென்னிஸ் மட்டையை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன்! ஊசி போட்டார், இரண்டு மாதம் கேட்டது, பழையபடி திரும்பி வந்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் ஷாக்வேவ் என்று ஒரு மிஷின் வைத்தியம் இருக்கிறது, வாரம் ஒரு தடவை, ஐந்து தடவை பார்க்கலாம் என்றார். எனக்கு அவசரம். கம்பெனியில் எங்களை ஒரு வருசத்துக்குத்தான் எடுப்பார்கள். இரண்டு மாதத்தில் மெடிக்கல் செக்கப், அதில் தேறினால்தான் அடுத்த வருசம். வேலை இருந்தால்தான் எலப்புள்ளியில் இந்த இரண்டு வாடகை அறையும். அம்மாவின் வீடு அவள் முழங்கையில் தொங்கியது. என்னுடையதும் அப்படித்தான்.

ஷாக் என்றதும் கரண்டு வைப்பார்கள் என்று நடுங்கிப் போனேன். அது கரண்டு இல்லை. முழங்கையில் கொழகொழவென்று ஒரு ஜெல் தடவி, கைப்பிடி மாதிரி ஒன்றை வைத்து அழுத்துகிறார்கள். டக் டக் டக் டக்கென்று உள்ளே அடி விழுகிறது. சில நிமிசம்தான். அந்த அடியில் பழைய புண் விழித்துக்கொண்டு தானாக ஆற ஆரம்பிக்குமாம். வைத்தியம் பார்த்த பெண் ரம்யா, மலையாளி, என் மகள் வயசு இருக்கும். மிஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால், "சேச்சி, மற்றே கை வெச்சு விரல் காட்டணும். கொஞ்சம் வலின்னா ஒண்ணு, தாங்க முடியலேன்னா அஞ்சு" என்று பாலக்காட்டுத் தமிழில் சொல்லித் தந்தாள். அவள் போட்டிருந்தது வெள்ளைக் கோட்டு. நான் ஒரு விரல்கூட நீட்டவில்லை. அவள் கைப்பிடியை நகர்த்தி நகர்த்தி வைத்து, "இவிடே?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். "இவிடே?" இல்லை. உயிர் போகிற இடத்தில் வைத்தபோதும் சிரித்த முகமாக இல்லை என்றேன். ரொம்ப நல்ல பேஷன்ட் என்று என்னைப் பாராட்டினாள் பாவம். மூன்று வாரம் இப்படியே போனது. கையில் மயிரிழைகூடக் குணம் தெரியவில்லை.

நாலாவது தடவைக்கு வீட்டுக்காரம்மா சரசக்காவும் கூட வந்தார். எலப்புள்ளியில் வயலும் தென்னையும் உள்ள விவசாயக் குடும்பம், தன் வலி மட்டுமில்லை, அடுத்தவர் வலியையும் ஊருக்குச் சொல்கிறவர். ரம்யா கைப்பிடியை வைத்து "இவிடே உண்டோ?" என்றாள். நான் இல்லை என்றேன். சரசக்கா எழுந்தே விட்டார்.

"ஏனுங்க டாக்டரு, இவ சொல்றது அத்தனையும் பொய்யிங்க! காத்தால ஊட்டுல ஒரு சொம்பு தண்ணி தூக்க முடியாம கண்ணுல தண்ணி விடறா. இங்க வந்து ஒண்ணுமில்லைங்கறா!"

ரம்யா மிஷினை நிறுத்திவிட்டாள். அந்தச் சின்னப் பெண்ணின் முகம் சுருங்கிப் போனது. "அப்போ மூணு வாரமும் நான் வெச்ச இடம் தெற்றா, தப்பா? சேச்சி, மிஷினுக்குக் கண்ணில்ல. நீங்க சொல்ற வலியை வெச்சுத்தான் நான் இடம் கண்டுபிடிக்கணும். எந்தினா மறைச்சு?"

எதற்காக மறைத்தேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்? உன் கோட்டைப் பார்த்தால் என் வீட்டுச் சாவி ஞாபகம் வருகிறது என்றா? சரசக்கா என் தோளைப் பிடித்து அழுத்தினார். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு அம்மிணி. சொன்னா யாரு உன்னைய என்ன பண்ணீருவாங்க?"

மறுபடியும் மிஷின் ஓடியது. ரம்யா மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். ஒரு இடத்தில் அடி விழுந்ததும் என் இடது கை ஐந்து விரலையும் விரித்தது. கூடவே தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பிள்ளை பெற்றபோதுகூட நான் அப்படிக் கத்தியது இல்லை. "அது தன்னே!" என்று ரம்யா துள்ளினாள். அடுத்த வாரமும் அதே இடம், நாலு விரல். முதல் மூன்று தடவையும் இடம் தப்பிப் போனதால் கூடுதலாக இரண்டு தடவை வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த வாரக் கடைசியில் நான் வலது கையால் டீ தம்ளரைத் தூக்கி வாய் வரைக்கும் கொண்டுபோனேன். அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் காலை மதிலருகே நின்று, கை முன்னைக்குப் பரவாயில்லை, இன்னும் வலி இருக்கிறது என்று சரசக்காவிடம் நானே சத்தமாகச் சொன்னேன். ஊரில் ஒருத்தி ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் கம்பெனியில் செக்கப். கோயம்புத்தூரிலிருந்து வந்த டாக்டர், நல்ல மனுசன், தமிழில் பேசினார். வலது கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, அதைக் கீழே அழுத்தினார். "எங்கயாவது வலிக்குதாங்கம்மா?"

"இல்லைங்க சார்" என்றேன். அம்மா சொல்லித் தந்த அதே குரல், அதே சிரிப்பு, ஒரு பிசிறு இல்லை.

டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். என் இடது கை, என்னைக் கேட்காமல், மூன்று விரலை நீட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று மடக்கினேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். சூப்பர்வைசர் கேட் வரைக்கும் வந்து, "ரெஸ்ட் எடுக்கு சேச்சி, நாங்க விளிக்காம்" என்றார். இன்றுவரை போன் வரவில்லை. என் இடத்தில் ஒரு சின்னப் பெண் முறுக்குவதாகக் கேள்வி.

சரசக்காவுக்கு விசயம் தெரிந்ததும் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு வந்து, "நான் சொன்னது தப்பாப் போச்சுங்களா அம்மிணி?" என்றார். இவ்வளவு நாள் எனக்கு வராத 'ங்க' அன்றைக்கு வந்தது. வாடகைக்கு அவசரமில்லை என்றும் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இருந்தது. சொந்த வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு, வலியைச் சொன்னால் யார் என்ன செய்துவிடுவார்கள்? இதைப் படிக்கிற எங்கள் மலைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக்காரர்களுக்கு விளக்கினாலும் புரியுமா, தெரியாது.

தம்பி போன் செய்தான். எஸ்டேட்டில் கத்திரிக்கு ஆள் எடுக்கிறார்களாம், தற்காலிகம்தான், டிஸ்பென்சரியில் டாக்டர் பார்த்துவிட்டுத்தான் பேர் எழுதுவார்களாம். கத்திரியைப் பிடித்தால் இந்தக் கை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ரம்யாவிடம் இன்னும் இரண்டு தடவை பாக்கி இருக்கிறது. அவளிடம் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். தம்பி பேசிக்கொண்டிருந்தபோதே பின்னாலிருந்து அம்மாவின் குரல் போனில் கேட்டது. "கை எப்படிடி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"ம். அப்படித்தான் சொல்லணும்" என்றாள்.

இதைக் கம்பத்திலிருந்து குமுளி ஏறுகிற பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் எழுதிக்கொண்டு வருகிறேன். வளைவுக்கு வளைவு பஸ் சாய்கிறது. ஒவ்வொரு தடவையும் வலது முழங்கையை, ரம்யா கண்டுபிடித்த அதே இடத்தில், முன் சீட்டுக் கம்பியில் வேண்டுமென்றே இடித்துக்கொள்கிறேன், டிஸ்பென்சரி டாக்டர் அமுக்குவதற்குள் பழகிவிடட்டும் என்று. பக்கத்து சீட்டு அம்மா, "என்னத்தா, வலிக்குதா?" என்று கேட்டுவிட்டார். இல்லைக்கா என்று சிரித்தேன். வாய் சரியாக இருக்கிறது, அதற்கு ஒரு குறையும் இல்லை. இடது கையைத்தான் நம்ப முடியவில்லை. தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வளைவு வருகிறது. அடியில் விரல்கள் விரியப் பார்க்கின்றன.