அம்மா கண்ணில் படாத நேரம்

பெற்ற மகளைப் பார்த்தே பயமாக இருக்கிறது என்று ஒரு தாய் யாரிடம் போய்ச் சொல்வாள்? அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. நீராவி முகத்தில் அடிக்கிற அந்த இடத்தில் எல்லாரும் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பார்கள். அவள் மட்டும் முழுக்கைச் சட்டை. கேட்டால், "எனக்குச் சூடு ஆகாதுப்பா, தோல் பொரிஞ்சிடும்" என்று சிரித்து மழுப்புவாள். சட்டைக்குள்ளே கை முழுக்கக் கடித்த தடமும் கிள்ளிய தடமுமாகக் கன்றிப்போயிருந்தது.

மகளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். இப்போது பதினாறு வயசு, அம்மாவைவிட ஒரு தலை உயரம். அறிவு வளர்ச்சி குறைவு என்று சின்ன வயசிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் சட்டைப் பொத்தானைத் தானே போடுவாள், பஸ் நம்பரைப் படிப்பாள், சாப்பாட்டு மேசையில் எத்தனை பேரோ அத்தனை தட்டு சரியாக வைப்பாள். அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. வேன் ஓட்டுகிற மனிதர், நல்லவர், ஆனால் முன்கோபி.

"இவ்வளவும் தெரியுது, அம்மாவை அடிக்கக் கூடாதுன்னு மட்டும் தெரியாதா? எல்லாம் கொழுப்பு."

தாய்க்கும் அப்படித்தான் தோன்றியது. குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். போட்ட கையோடு வெளியே கதவு அதிரத் தொடங்கும். "மா! மா!" என்று தொண்டை கிழிய ஒரு கத்தல், பிறகு மடார் மடார் என்று அடி. சோப்பு நுரையோடு ஒரு கையால் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்ணீரை ஊற்றிக்கொள்வாள். குளித்து முடித்தாலும் உடனே வெளியே வர மாட்டாள். கதவைத் திறந்தால் முதல் அடி எங்கே விழுமோ என்று கதவோடு ஒட்டி நிற்பாள்.

ஒருநாள் சிறப்புப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். சிட்டு ஆயாவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள், ரத்தம். தலைமையாசிரியை அதட்டவில்லை. அதனால்தான் இவளுக்கு இன்னும் உதறல் எடுத்தது.

"ஒரு மதிப்பீடு பண்ணிடுவோம்மா. படிப்பு, கணக்கு எல்லாம் இல்ல. அவளோட உணர்ச்சி எந்த வயசுல நிக்குதுன்னு பார்க்கணும். பார்த்துட்டு, மேற்கொண்டு என்னன்னு முடிவு பண்ணலாம்."

மேற்கொண்டு என்ன? விடுதியா? உயரமான கேட்டும், யாரோ ஒருத்தி சாவிக்கொத்தோடு நிற்பதும் அவள் கண்முன்னால் வந்தது. மகளோடு வீட்டில் இருக்கவும் பயம், மகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்றும் பயம்.

மதிப்பிட வந்த உளவியல் நிபுணர் வயதில் இந்தத் தாயைவிடச் சின்னவள். மேசை நாற்காலி எதுவும் தேடாமல் கம்பளத்தில் உட்கார்ந்துகொண்டாள். சுற்றிலும் பொம்மைகள், ஒரு ஓரமாகக் கண்ணாடி. சிட்டு அம்மாவின் சட்டை நுனியை விரலில் சுற்றிப் பிடித்தபடி பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தாள்.

கேள்விகள் விசித்திரமாக இருந்தன. கீழே விழுந்தா யார்கிட்ட ஓடி வர்றா? புது ஆளைப் பார்த்தா என்ன பண்றா? தனக்குப் பிடிச்சதை உங்ககிட்ட கொண்டுவந்து காட்டுவாளா? நீங்க பக்கத்து அறைக்குப் போனா?

"ஒண்ணும் பண்ண மாட்டா மேடம். சமத்தா இருப்பா." வாய் கூசாமல் புளுகினாள்.

"அப்படின்னா கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா? நான் கூப்பிட்டதும் வாங்க."

மாட்டிக்கொண்டாள். முடியாது என்றால் பொய் வெளுத்துவிடும். மகளின் விரலைப் பிரித்தெடுத்துவிட்டு எழுந்து போனாள். கதவு சாத்தியதுதான் தாமதம், உள்ளே ஏதோ சுவரில் மோதி உடைந்தது. பிறகு அந்தக் கத்தல். வராந்தாவில் சுவரோடு ஒட்டி நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். போச்சு, இந்தப் பெண்ணையும் கடித்துவிடுவாள், எல்லாம் முடிஞ்சது.

கதவு உடனே திறந்தது. சிட்டு பாய்ந்து வந்தாள். தாய் தன்னையறியாமல் இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு குனிந்தாள். தலைமுடி கொத்தாகப் பிடிபட்டது, வலி உச்சந்தலையில் ஏறியது. ஆனால் அடி விழவில்லை. மகள் அந்த முடியைப் பிடித்தபடியே அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்து, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

நிபுணர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சட்டைக் கையை மடிச்சு விடுங்கம்மா. நான் பார்க்கிறேன்."

மடித்துவிட்டதும் அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. தாழ்ப்பாள், கதவு, கடி, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "அவளை எங்கேயாவது கொண்டுபோய் அடைச்சிடாதீங்க மேடம்."

"அடைக்கிறதுக்கு வரல நான்." சொன்னவள் சற்று யோசித்துவிட்டுத் தொடர்ந்தாள். "பள்ளியிலயும் விசாரிச்சேன். ஆயாவைக் கடிச்சது, நீங்க இவளை விட்டுட்டுத் திரும்பின நேரத்துல. அறிவு ஆறேழு வயசுக்கு இருக்கு. மனசு ஒன்றரை வயசுலதான் நிக்குது. அந்த வயசுக் குழந்தைக்கு, அம்மா கண்ணுல படலன்னா அம்மாவே இல்லைன்னு அர்த்தம். அது அழுது புரளும், நாம தூக்கி வச்சுக்குவோம். இவளுக்குக் கை பெரிசாயிடுச்சு, அதனால அடியா தெரியுது. கோபம் இல்லம்மா இது. உங்களைவிட அவதான் அதிகமா பயந்து கிடக்கிறா."

அன்று மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "கொழுப்புன்னு சொன்னேனே" என்றார் கடைசியில், யாருக்கோ சொல்வதுபோல.

தாய்க்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. புதுப் பயம்தான் வந்து உட்கார்ந்தது. ஒன்றரை வயசுக் குழந்தை! நான் செத்துப்போனால் இது யாரைத் தேடும்? அடுத்த முறை போனபோது அதையே கேட்டுவிட்டாள். நிபுணர் பூசி மெழுகவில்லை.

"எவ்வளவு தூரம் வளருவான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அம்மா போனா திரும்பி வருவாங்கன்னு அவ கத்துக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

குளியலறையிலிருந்தே தொடங்கினார்கள். தாழ்ப்பாள் போடக் கூடாது, உள்ளேயிருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு நின்றாள். என்ன பேசுவது என்றே தெரியவில்லை. "இப்ப முதுகு தேய்க்கிறேன்டி சிட்டு... சோப்பு கைநழுவி ஓடிடுச்சு பாரு, திருட்டு சோப்பு..." என்று உளறினாள். சிட்டு கதவை ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். இவள் சுவரோடு ஒண்டினாள். உள்ளே எட்டிப் பார்த்த சிட்டு, அம்மா இருப்பதைக் கண்டதும் வாசலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் சீராகிவிடவில்லை. நடுவில் அப்பாவின் தோளில் ஒரு கடி விழுந்தது. பள்ளியில் அரைநாள் மட்டும் சேர்த்துக்கொண்டார்கள், அதுவும் ஒரே ஆயா கூடவே இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில். கடிபட்ட ஆயாவே, "நானே பார்த்துக்கிறேன், எனக்குத்தான் அவ பல்லு பழகிப்போச்சே" என்று முன்வந்தாள்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவை வீட்டில் வைத்துவிட்டு, "கடைக்குப் போறேன், வந்துடுவேன்" என்று மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினாள். தெருமுனை திரும்புவதற்குள் கத்தல் கேட்டது. காலை யாரோ பின்னால் இழுப்பதுபோல இருந்தது. வீட்டுக்கே திரும்பி ஓடிவிடலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, எதற்கு வந்தோம் என்றே மறந்துபோய், கண்ணில் பட்ட தீப்பெட்டியைக் காட்டினாள்.

திரும்பி வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. அதுவேறு குலைநடுங்க வைத்தது. அப்பா தலை கலைந்து, சட்டைப் பொத்தான் அறுந்து, தரையில் உட்கார்ந்திருந்தார். சிட்டு ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்தியபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் ஓடி வந்து தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். வலித்தது.

"வந்துட்டே" என்றாள் சிட்டு.

"வந்துட்டேன்டி" என்றாள் தாய். தீப்பெட்டி இன்னும் கையிலேயே இருந்தது.