தானமாக வந்த வழக்கு மரங்கள்

மலையிலேயே நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் கீழே வந்துவிடு என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி, போகவில்லை. அதற்குப் பதிலாகப் பூட்டிக் கிடந்த ஒரு ஓட்டு வீட்டை வாடகையில்லாமல் கேட்டு வாங்கி, ஐந்து கிழங்களைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். ஐவரின் பிள்ளைகளில் பாதிப் பேர் திருப்பூரில், மீதிப் பேர் இதே ஊரில். இதே ஊரில் இருக்கிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும்.

வீட்டை நடத்தியது நானில்லை. சமைத்து, குளிப்பாட்டி, துணி மாற்றி, நடுநடுவே எல்லோரையும் திட்டியும் வைக்கிற ஒருத்திதான் நடத்தினாள். கணவனை இழந்தவள், படிக்கிற மகள் ஒருத்தி உண்டு. அவளுக்கு என் பென்ஷனிலிருந்து சம்பளம் கொடுத்துவந்தேன். ஒரு கட்டத்தில் எனக்கே மாத்திரை வாங்கக் காசில்லாமல் போயிற்று. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: “சிஸ்டரம்மா, வாணியம்பாடில ஷூ கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்களாம். பங்குனி வரிக்கும் பாக்கறேன். அப்பால போய்ட்டு வர்றேங்க.” போய்விட்டு வருவதெல்லாம் பேச்சுக்கு. அவள் போனால் வீட்டைப் பூட்ட வேண்டியதுதான். எழுந்து உட்காரவும் முடியாமல் படுத்திருந்த ஒரு கிழவிக்கு வேறு போக்கிடம் கிடையாது.

அரசாங்க மானியத்துக்கு எழுதிப் போடச் சொன்னார்கள். படிவத்தில் பிறந்த தேதி கேட்டிருந்தது. ஒருவர் பெரிய மழைக்கு மறுநாள் பிறந்தவர், இன்னொருவர் கரடி வந்த வருஷம். நான்கு முறை போளூர் ஆபீசுக்கு பஸ் ஏறி இறங்கிய பிறகு இடுப்பு வலிதான் மிச்சம். சரிதான் போ என்று படிவத்தை மடித்து, ஆடும் மேஜைக்காலுக்கு அண்டை கொடுத்துவிட்டேன்.

ஊர்க்கூட்டத்தில் கேட்டேன். பணம் என்றதும் எல்லோரும் மேலே பார்த்தார்கள். மேலே புளியமரம். ஒருவர் சொன்னார்: “காசுக்கு எங்க போறது? வூட்டுக்கு ஒரு மரத்துப் புளி குடுத்துடலாம்.” கை தட்டினார்கள். பதினொரு மரம் எழுதினேன். இந்த ஜனங்களைப் போய் திட்டினோமே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரப்பட்டுக் கலங்கியிருக்க வேண்டாம்.

எங்கள் மலையில் நிலம் ஒருவருக்கு, அதில் நிற்கிற புளியமரம் இன்னொருவருக்கு என்று இருப்பது சகஜம். அறுவடையில் முதல் கிளையை மரத்துக்குச் சொந்தக்காரர்தான் உலுக்க வேண்டும். வேறு யாராவது கை வைத்தால் அடுத்த வருஷம் காய்க்காது என்பார்கள். மாசியில் ஆட்களோடு முதல் மரத்துக்குப் போனோம். அதைக் கொடுத்த வீட்டிலிருந்து அண்ணனும் வந்தான், தம்பியும் வந்தான்.

“நான் குடுத்த மரம், நான்தான் உலுக்குவேன்.”

“இன்னா, நீ குடுத்தியா? கூட்டத்துல மொத கை தூக்கனது யாரு?”

மரம் யாருடையது என்று பத்து வருஷமாக அவர்களுக்குள் தகராறாம். பழம் யாருக்கும் உதவாமல் குரங்குக்குப் போய்க்கொண்டிருந்ததாம். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. பட்டியலில் இருந்த பதினொன்றில் எட்டு இந்த மாதிரி. தங்களுக்கு உதவாத மரமாகப் பார்த்து, புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆயிற்று என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். விலை பேச மலையேறி வந்திருந்த வாணியம்பாடி புளி வியாபாரி பாய் கும்பிட்டுவிட்டார். “நமக்குப் புளி போதும்மா, வழக்கு வேணாம்.”

அண்ணன் தம்பி போட்ட கூச்சல் எங்கள் வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது. சமையல்காரியும் பக்கத்து வீட்டு ஆட்கள் மூன்று பேருமாக ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் அந்தப் படுத்த படுக்கைக் கிழவி. இந்த இரண்டு தடியன்களையும் பெற்றவள் அவள்தான்.

“மரம் எங்கப்பன் எனக்கு சீரா குடுத்தது. என்னைக் கேட்டாடா எழுதிக் குடுத்தீங்க?” என்றாள். இருவரும் மரத்திலிருந்து கையை எடுத்தார்கள். கிழவி விடவில்லை. “மரத்தக் குடுக்க ரெண்டு பேரும் அடிச்சிக்கறீங்க. என்னை வெச்சிக்க ஒருத்தனும் அடிச்சிக்கலியேடா.”

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. தாழ்ந்த கிளை ஒன்றைச் சமையல்காரி வளைத்துக் கொடுக்க, கிழவி பிடித்து உலுக்கினாள். நான்கு பழம் விழுந்தது, அதில் ஒன்று அவள் நெற்றியிலேயே. “கொலகார மரம்” என்று சிரித்தாள்.

விஷயம் பரவியதும் மற்ற நான்கு கிழங்களும் கிளம்பிவிட்டார்கள். வைத்தது யார், சீராக வந்தது யாருக்கு என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எட்டில் ஆறு மரங்களைத் தங்களுடையவை என்று நின்று உலுக்கினார்கள். எதிர்த்துப் பேச எந்த மகனுக்கும் துணிச்சல் வரவில்லை. பாய் கும்பிட்ட கையைப் பிரித்து விலை பேசினார். வந்த பணம் வருஷம் முழுக்கச் சம்பளத்துக்குத் தாங்கும். ஷூ கம்பெனிக்குப் போன பஸ்ஸில் எங்கள் சமையல்காரி ஏறவில்லை.

பத்து நாள் கழித்து அந்தக் கிழவியின் சின்ன மகன் மெல்ல வந்து கட்டிலருகே நின்றான்.

“வூட்டுக்கு வாம்மா.”

“எதுக்குடா? அடுத்த வருசத்துப் புளிக்கா?”

அவன் கட்டில் கயிற்றை நிமிண்டினான். கிழவி உள்பக்கம் திரும்பி ஒரு தட்டு கொண்டுவரச் சொன்னாள்.

“வந்தது வந்துட்ட, சாப்ட்டுட்டு போ. கூச்சப்படாத, சோறு என்னுதுதான்.”