தொட்டியில் இருந்த கிளிஞ்சல்

வேப்பம்பட்டில் உள்ள எங்கள் சுண்ணாம்புக் காளவாய்க்குப் பழவேற்காட்டிலிருந்து கிளிஞ்சல் வருகிறது. உப்பும் சேறும் போக அதைத் தொட்டியிலிட்டுக் கழுவி, உலர்த்தி, கரியோடு மாற்றி மாற்றி அடுக்கிச் சுடுகிறோம். வெந்த பின்பும் கிளிஞ்சல் தன் உருவத்தை விடுவதில்லை. வரியும் வளைவும் அப்படியே இருக்கும். நிறம் சற்று வெளுத்து, எடை குறைந்திருக்கும், அவ்வளவே. ஆனால் அதன்மேல் நீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் கிளிஞ்சல் என்ற ஒரே சொல்தான். கிடக்கும் இடத்தைக் கொண்டே பச்சையா வெந்ததா என்று அறிந்துகொள்வோம். வெந்தது எப்போதும் கொட்டகைக்குள்தான் இருக்கும்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் காலை கொட்டகையின் தகரக் கூரை ஒழுகக் கண்டேன். வெந்ததில் ஈரம் பட்டுவிடுமே என்று அஞ்சி, ஐந்தாறு கூடைகளை அள்ளி, கூரையுள்ள கழுவுமிடத்தில் காலியாக இருந்த தொட்டியில் கொட்டிவிட்டு, சாக்கு வாங்க ஆவடிக்குப் போனேன்.

திரும்பி வர ரயிலேறும் முன் மருமகளுக்குப் போன் செய்தேன். அவள் ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. என் மகன் அம்பத்தூரில் லேத் பட்டறைக்குப் போயிருந்ததால் வீட்டில் தனியே இருந்தாள்.

"கிளிஞ்சல கழுவி வெச்சிடும்மா," என்றேன். வாசலில் குவிந்து கிடந்த புதுச் சரக்கைத்தான் நான் மனத்தில் கொண்டிருந்தேன். சரி மாமா என்றாள்.

ரயில் பட்டாபிராமைத் தாண்டும்போதுதான் தொட்டி நினைவுக்கு வந்தது. உடனே போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. வெந்த கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றினால் சிறிது நேரம் ஒன்றுமே நடக்காது. அந்த அமைதிதான் கொடியது. அறியாதவர் குனிந்து, கைவிட்டுக் கலக்குவார்கள். முகம் தொட்டிக்கு நேராக இருக்கும்போதுதான் அது பொங்கும். நெமிலிச்சேரியிலும் திருநின்றவூரிலும் ரயில் நின்ற ஒவ்வொரு கணமும், அவள் குனிவதை நான் கண்ணெதிரே கண்டேன். மீண்டும் மீண்டும் போன் செய்தேன்.

ஆட்டோவிலிருந்து இறங்கியபோது தொட்டி புகைந்துகொண்டிருந்தது. மருமகள் குழாயடியில் மண்டியிட்டு, இடது கண்ணை விரல்களால் விரித்து நீரில் காட்டிக்கொண்டிருந்தாள். புறங்கை சிவந்து கொப்பளித்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் விளக்கெண்ணெய்ப் புட்டியோடு பதறி நின்றார்.

"இன்னா அண்ணாத்தே, எவ்ளோ சொல்லியும் கேக்க மாட்டேங்குது. தண்ணிலயே மூஞ்ச வெச்சிகினு கீது," என்றார்.

கண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் நாங்கள் நீர் விடமாட்டோம். நீர் பட்டால் கண்ணுக்குள்ளேயும் கொதிக்கும் என்பது காளவாய்க்காரர் நம்பிக்கை. எங்கள் வழக்கம் விளக்கெண்ணெய் விடுவதுதான். நான் ஓடிச்சென்று அவள் தோளைப் பற்றி இழுத்தேன்.

"விடுங்க மாமா," என்றாள். தலையை எடுக்கவில்லை. "எங்கப்பாவுக்கு ஃபேக்டரில வருஷா வருஷம் சொல்லிக் குடுப்பாங்க. எது தெறிச்சாலும் தண்ணிதான். நிறுத்தவே கூடாது."

ஐம்பது ஆண்டுகளாகச் சுண்ணாம்போடு பழகிய நான் எது சரியென்று அறியாமல் நின்றேன். கையை எடுத்தால் என் கண்ணெதிரே அவள் கண் வெந்துபோகுமோ? எடுக்காவிட்டால் நானே அதைக் கெடுத்தவன் ஆவேனோ? அப்போது குழாயில் நீர் நூலாக இளைத்தது. மேல்தொட்டி காலியாகிக்கொண்டிருந்தது. "மாமா, தண்ணி," என்றாள். நான் தோளை விட்டுவிட்டு ஓடி மோட்டாரைப் போட்டேன்.

வெகுநேரம் கழித்தே அவள் எழுந்தாள். கண் மருத்துவமனையில் மருத்துவர் மேலும் கழுவி, இமையைப் புரட்டி, ஓரத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் துகளைப் பஞ்சால் எடுத்தார். எவ்வளவு நேரம் நீர் விட்டீர்கள் என்று கேட்டார். அரை மணிக்கு மேலிருக்கும் என்றாள். அதனால்தான் கண் தப்பியது என்றார் அவர். எண்ணெய் விட்டுக்கொண்டு வந்திருந்தால் தம்மால் செய்ய ஒன்றுமிருந்திராது என்றும் சொன்னார்.

மூன்று வாரங்களுக்குப் பின் அவளது வலது கண்ணை மூடி, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். முதல் வரியைத் தயங்காமல் படித்தாள். இரண்டாவதை மெல்லப் படித்தாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள். மகன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கத் துணியவில்லை.

"புகை மாதிரி இருக்கு," என்றாள்.

இன்னும் தெளியலாம், முழுவதும் தெளியும் என்று சொல்ல இயலாது என்றார் மருத்துவர். வெளியே வந்து சாலையைக் கடக்க நின்றபோது வண்டிகள் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தன. மகன் அவளது வலக்கையைப் பிடித்திருந்தான். நான் சுற்றிப் போய் அவளுக்கு இடப்புறமாக நின்றுகொண்டேன்.