துணியில் சிவப்பு ஏறாத கதவு

காலை ஐந்து நாற்பது. ரோலாவில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள மணல் பார்க்கிங்கில் முதலில் கண்ணில் பட்டது என் காரின் பானட். முப்பது கோடை வெயிலில் அதன் சிவப்பு வெளிறி, பாதி தேய்ந்த சோப்பின் நிறத்துக்கு வந்திருந்தது. கதவுகள் அவ்வளவு வெளிறவில்லை.

என் விசா ரத்தாகிவிட்டது. மாதக் கடைசியில் ஊருக்குக் கிளம்பவேண்டும். இவ்வளவு பழைய கார் இங்கே பழைய இரும்புக்குத்தான் போகும். ஒரே ஒரு வழி இருந்தது. அல் ஐனில் ஓர் அரபி, பழைய கார்களைக் கொட்டகை போட்டு வைத்துக் காப்பாற்றுகிறவர், நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தார். கம்பெனியில் அடித்த பெயிண்ட் எல்லாப் பக்கமும் அப்படியே இருக்கவேண்டும் என்பது அவர் நிபந்தனை. வெளிறியிருக்கலாம், மேலே மறுபடி அடித்திருக்கக் கூடாது. முதல் சொந்தக்காரரிடமிருந்து நான் நேரடியாக வாங்கிய வண்டி. தைரியமாக, அப்படியே இருக்கிறது என்றேன். மறுநாள் மாலை பார்க்க வருவதாகச் சொன்னார்.

அடுத்த கட்டில்காரன் உதவிக்கு இறங்கி வந்தான். ராமநாதபுரம் பக்கம், ஏசி மெக்கானிக். ஒன்பது வருடமாக ஒரே ரூம். அந்தக் காலத்துச் சிவப்புக்கு மேல் நிறமில்லாத கண்ணாடிப் பூச்சு கிடையாது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் செத்த நிறம் துணியில் இறங்கும். அடியில் உள்ளது மேலே வரும். ஏழு மணிக்குள் பானட்டும் கூரையும் பழைய சிவப்புக்கு வந்துவிட்டன. எங்கள் கைகளும் சிவப்பு.

"கையப் பாருங்கண்ணே. போலீஸ் பாத்தா ரெண்டு பேரையும் தூக்கிருவான்" என்றான்.

இடது பின்கதவுக்குப் போனேன். "அத நான் பாத்துக்கிறேன், நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்றான். அதற்குள் தேய்க்கத் தொடங்கியிருந்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. புதுத் துணி எடுத்தேன். அதுவும் வெள்ளை. அந்தக் கதவில் மட்டும் புதுப் பெயிண்ட், மேலே கண்ணாடிப் பூச்சு.

அவன் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். டயர் சுத்தமாகத்தான் இருந்தது.

"எப்ப?" என்றேன்.

"அம்மா காரியத்துக்கு நீங்க போயிருந்தப்ப. பில்லர்ல உரசிட்டேன்ணே."

போலீஸ் பேப்பர் இல்லாமல் இங்கே எந்தப் பட்டறையும் உரசலைத் தொடாது. ஊர்க்காரப் பெயிண்டர் ஒருவனைப் பிடித்து, லீவு நாளில் ஷட்டரை இறக்கி வைத்து அடித்திருக்கிறார்கள்.

"சொல்லியிருக்கலாமே."

"எழவு வீட்ல இருக்கிற ஆளுக்குப் போன் போட்டு, கதவு உரசிருச்சுன்னா சொல்லுவாக? நீங்க வர்றதுக்குள்ள புதுசாட்டம் ஆக்கிரணும்னு நெனச்சேன்." டயரை விட்டு எழுந்து, "இப்பவும் சொல்லாதீங்க. அவருக்கு என்ன தெரியப்போவுது?" என்றான்.

பெயிண்டின் கனத்தை அளக்கும் மீட்டரோடு வருவதாக அந்த அரபி முன்பே சொல்லியிருந்தார். மீட்டர் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. போன் செய்தேன்.

"அஸ்லி மாஃபி?" என்று கேட்டார், அசல் இல்லையா என்று.

"ஒரு கதவு மட்டும்" என்றேன், எனக்குத் தெரிந்த உருதுவில்.

"ஒரு கதவு போனால் எல்லாம் போச்சு, பாய். கலாஸ்." அவ்வளவுதான் என்கிறார்; குரலில் கோபம் இல்லை.

திரும்பி வந்தபோது அவன் டிக்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். துணியில் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது. நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனேன். ஒன்பதரைக்கு முடித்தோம். பின்கதவும் சேர்ந்து எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை பழைய இரும்புக்காரரின் ரெக்கவரி வண்டி வந்தது. காரை ஏற்றிக் கட்ட எட்டு நிமிடம் ஆனது.