வாசம் போக்கும் வேலை

அஜ்மானிலிருந்து ஷார்ஜாவுக்கு வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடிதான் சுகந்தா அந்த மெசேஜைப் படித்தாள். கம்பெனி குரூப்பில் பதினேழு பேர் இருந்தார்கள். மேனேஜர் மதுசூதனன் எழுதியிருந்தார்: "கஸ்டமரின் வேட்டை உடுப்பில் சமையல் மணம். ஸ்டோர் சுகந்தாவுக்கு இது கடைசி வார்னிங். உடுப்புத் தோய்க்கிறவர் முதலில் தன்னைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்."

இரண்டாவது தடவை படித்தாள். காது மடல் சுட்டது. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். குவைத்தில் இரண்டு வீடுகளில் வேலை பார்த்துவிட்டு, ஆறு வருஷத்துக்கு முன்னால் ஷார்ஜா முவைலாவில் இருக்கும் இந்த ஸ்டோருக்கு வந்தாள். பணக்காரர்களைக் கிர்கிஸ்தான் மலைகளுக்கு வேட்டைக்குக் கூட்டிப் போகும் கம்பெனி அது. உடுப்பு, பூட்ஸ், முதுகுப்பை, துப்பாக்கி வார் எல்லாவற்றையும் வாசமே இல்லாமல் ஆக்கிக் கட்டிக் கொடுப்பது அவள் பொறுப்பு. அங்கே சுடுவது கொம்பு வளைந்த மலையாடு. கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்றலாம், அதன் மூக்கை மட்டும் ஏமாற்ற முடியாது. காற்று திரும்பி மனுஷ வாடை ஒரு துளி போனால் போதும், மந்தையே மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

இதெல்லாம் அவளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது இல்லை. முதல் வருஷம் கடைச் சோப்புத் தூளில் துவைத்துக் கொடுத்து ஏச்சு வாங்கினாள். அப்புறம் தானே ஒவ்வொன்றாகப் பிடித்தாள். வாசமில்லாத திரவம்தான் போட வேண்டும். அதற்கு முன்னால் மெஷினைச் சோடா உப்புப் போட்டு வெறுமனே ஒரு தரம் ஓட்ட வேண்டும், முந்தின துவைப்பின் மிச்சம் போக. மாடியில் காயப்போட்டால் பக்கத்து ஷவர்மா கடைப் புகை ஒட்டும், ஆகவே உள்ளேயே ஃபேன் போட்டுக் காயவைக்க வேண்டும். சட்டையை எல்லாரும் துவைப்பார்கள். ஆனால் தொப்பியின் உள்பட்டையும், தூரக்கண்ணாடி வாரும், பையின் தோள்பட்டையும்தான் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதை அவள் பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பாள். கடைசியில் எல்லாவற்றையும் காற்றுப் புகாத பையில் போட்டு, கரித்தூள் பொட்டலம் வைத்து, பிளாஸ்டிக் சீல் பூட்டி, நம்பர் எழுதுவாள்.

இதற்காக அவள் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள். பவுடர் இல்லை, பூ இல்லை. வேலைக்கு வந்ததும் குளித்து வேறு உடுப்பு மாற்றுவாள். ரூமில் கருவாடு சமைக்கிற நாளில் வெளியே போய் நிற்பாள்.

இத்தனையும் செய்தவளைப் பார்த்துத்தான் சுத்தமாக இரு என்று பதினேழு பேருக்கு முன்னால் எழுதியிருந்தான்.

ஆபீசுக்குள் போனதும் மதுசூதனன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல இஸ்திரி போட்ட சட்டை.

"அந்த அரபி ஒன்பது நாள் மலையில கிடந்தவர். மூண்டு தரம் கிட்டப் போயும் ஆடு மணந்து ஓடிட்டுதாம். உடுப்பில சமையல் மணமெண்டு அங்கயிருந்தே ஏசி அனுப்பியிருக்கிறார். நான் என்ன பதில் சொல்லுறது?"

"சேர், நான் எப்பவும் போலத்தான் கட்டுனேன். சீல் போட்டுத்தான் குடுத்தேன்."

"சீல் போட்டா சரியே? லயத்தில பத்துப் பேர் ஒரு அறையில சமைச்சுப் படுத்த பழக்கம் உம்மோட வந்திட்டுது. பேர் மட்டும் சுகந்தா."

அவர் சிரித்தார். தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்தில்தான் அவள் அம்மா செத்தாள். ஒரே அறை, ஒரே அடுப்பு. விடிவதற்கு முன்னே எழுந்து சாணம் மெழுகிய தரை. அதைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்?

"என்னைய ஏசுங்க சேர். எங்க வீட்ட ஏசாதீங்க," என்றாள்.

"வியாழக்கிழமை அவர் ஷோரூமுக்கு வாறார். நீர் வந்து மன்னிப்புக் கேளும்."

மலையிலிருந்து திரும்பிய சாமான்கள் மறுநாள் வழக்கம்போல அவளிடமே துவைக்க வந்தன. முதுகுப்பையின் ஜிப்பைத் திறந்தாள். மூக்கில் வந்து அறைந்தது கருவாடும் இல்லை, மசாலாவும் இல்லை. ஊது அத்தர், அரபிகள் பூசும் வாசனை எண்ணெய். கண் எரிகிற அளவுக்கு இருந்தது. ஒவ்வொரு அறையாகத் துழாவினாள். அடியில் இருந்த உள்பாக்கெட்டில் ஒரு சிறிய வெல்வெட் பை ஊறிப்போய்க் கிடந்தது. அதற்குள் அத்தர் குப்பி. மூடி நெகிழ்ந்து பாதி வழிந்திருந்தது. கூடவே ஒரு வாழ்த்து அட்டை. "தங்கள் வேட்டை வெற்றியடைய வாழ்த்துகள்" என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் அச்சடித்து, கீழே மதுசூதனனின் கையெழுத்து.

அவள் எதையும் துவைக்கவில்லை. எடுத்த இடத்திலேயே எல்லாவற்றையும் வைத்து, போட்டோ எடுத்து, ஜிப்பை மூடினாள். பிறகு டெலிவரி வண்டி ஓட்டும் சாகிரைத் தேடிப் போனாள். கீழக்கரைக்காரன், பொய் சொல்லத் தெரியாதவன்.

"தம்பி, அந்தப் பைய ஏர்போர்ட் கொண்டு போறதுக்கு முன்ன யாரு தொறந்தா?"

சாகிர் தரையைப் பார்த்தான். "ஆபீஸ்ல நிறுத்தச் சொன்னாருக்கா. கிஃப்ட் ஒண்ணு வைக்கணும்னு சீலை வெட்டினாரு. வேற சீல் போட்டாரு. அக்கா, என்னைய சாட்சிக்கு இழுத்துறாதிய. எனக்கு விசா புதுப்பிக்கிற நேரம்."

"ஒங்கள கூப்பிட மாட்டேன். அட்டையே பேசும்."

வியாழக்கிழமை ஷோரூமில் அந்த அரபி சோபாவில் உட்கார்ந்திருந்தார். பேர் அபூ சுல்தான், ஐம்பது வயதிருக்கும், மலை வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. மதுசூதனன் பக்கத்தில் கை கட்டி நின்றார். சுகந்தா பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இவதான் சேர்," என்று மதுசூதனன் ஆங்கிலத்தில் தொடங்கினார்.

சுகந்தா பையை அபூ சுல்தானின் காலடியில் வைத்துத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், "பாபா, மோந்து பாருங்க. இது சமையல் வாசமா?" என்றாள்.

அவர் குனிந்தார். மோந்தார். ஒன்றும் புரியாதவர்போல நிமிர்ந்தார். அவர் போட்டிருந்த நீள அங்கியான கந்தூராவிலிருந்தும் அதே வாசம்தான் வந்துகொண்டிருந்தது. மூக்குக்குப் பழகிப்போனது அவருக்கு மணக்கவே இல்லை. அவள் குப்பியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அப்புறம் அட்டையை.

அவர் அட்டையைப் படித்தார்.

"இதை முதுகில் சுமந்துகொண்டா நான் ஒன்பது நாள் ஊர்ந்தேன்?" என்றார்.

"அது உங்களுக்கு மரியாதைக்கு வச்ச கிஃப்ட் சேர்," என்றார் மதுசூதனன். "இவ பார்த்து எடுத்திருக்க வேணும்."

"சீல வெட்டி வச்சத நான் எப்படிப் பாக்குறது?" தமிழில் கத்தினாள் சுகந்தா. "நான் கட்டிக் குடுத்த பையில கைய விட்டது நீங்க! தெரிஞ்சும் என்னைய நாறுதுன்னு எழுதுனீங்க!"

தமிழ் புரியாவிட்டாலும் அபூ சுல்தானுக்கு விஷயம் புரிந்தது. குப்பியை மேசையில் டொக்கென்று வைத்தார். "கலாஸ்," என்றார், போதும் என்கிற மாதிரி. மதுசூதனனைப் பார்த்து அரபியில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனார். சுகந்தாவை அவர் பார்க்கவே இல்லை.

"சரி, விடும்," என்றார் மதுசூதனன், நெற்றியைத் துடைத்தபடி. "வார்னிங் கான்சல்."

"குரூப்பில எழுதுங்க."

அவர் போனை எடுத்துத் தட்டினார். "சிறு தவறு நடந்தது. சுகந்தாவின் வார்னிங் ரத்து."

"சிறு தவறுன்னா? யாரு செஞ்ச தவறு? அதயும் எழுதுங்க."

"உமக்கு வேலை வேணுமே, வேண்டாமே?"

அவள் தன் போனை எடுத்து, நனைந்த வெல்வெட் பையும் அட்டையும் இருந்த போட்டோவைக் குரூப்பில் போட்டாள். கீழே எழுதினாள்: "கஸ்டமர் பையில் இருந்தது இது. வைத்தவர் கையெழுத்து அட்டையில் இருக்கிறது. நான் சுத்தமாகத்தான் இருக்கிறேன். என் லயமும் சுத்தமாகத்தான் இருந்தது."

பதினேழு பேரில் ஒருவரும் பதில் போடவில்லை. நீல டிக் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் சாகிர் ஒருவன் மட்டும் கட்டைவிரல் தூக்கினான். பத்து நிமிஷத்தில் அதையும் எடுத்துவிட்டான்.

இரண்டு மாதம் கழித்து கம்பெனி அவள் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அதற்குள் அஜ்மானிலேயே ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பிரிவில் வேலை தேடி வைத்திருந்தாள். விசா மாறியது.

அடுத்த வேட்டைக் காலத்தில் சாகிர் போன் செய்தான். "அக்கா, அபூ சுல்தான் திரும்பவும் மலைக்குப் போறாராம். ஒங்களத்தான் துவைச்சுத் தரச் சொல்றாரு, கம்பெனி வழியா இல்ல, நேரா. நான் கொண்டாந்து தர்றேன்."

"எம்மேல சமையல் வாசம்னு மலையிலருந்து ஏசி அனுப்புனது அவருதானே?"

"ஆமா… அது அப்பக் கோவத்துல…"

"எனக்கும் கோவந்தான். மொத என்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க. போன்ல போதும்."

சாகிர் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னான். அந்தப் போன் வரவே இல்லை. அவர் யாரிடம் துவைத்து வாங்கினார், ஆடு கிடைத்ததா என்று அவள் விசாரிக்கவில்லை.