மஞ்சள் கிணறும் காலி பாட்டிலும்

உங்கள் பிள்ளை குடிக்கும் தண்ணீரைச் சோதிக்க ஒருவர் வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள், அவர் கையையா, கழுத்தையா?

பிரிசில்லாவின் கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை கிடக்கும். கடலூர்க்காரர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் படிக்க வைத்தார். சிதம்பரத்தில் வேதியியல் படித்துவிட்டு, பதினேழு வருடமாக நீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. பாட்டிலைத் திறக்குமுன் பத்து விநாடி கண்ணை மூடி ஜெபிப்பார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் தன் சபையின் கிணற்றையே 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதிவிட்டு, அந்த ஈஸ்டருக்கு ஆலயத்தில் யாரும் பக்கத்தில் உட்காராத பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

சென்ற ஆடியில், சிதம்பரம் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில் மாரியம்மன் கோயில் கிணறு மஞ்சளானது. கலங்கல் இல்லை, அடிவரை தெளிந்த மஞ்சள். உச்சி வெயிலில் கிணற்றின் உள்சுவரெல்லாம் அந்த நிறம் நெளிந்தது. தவளைச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஆத்தா மஞ்சள் நீர் கொடுத்திருக்கிறாள் என்று ஊர் குடம் குடமாக எடுத்துப் போனது. பிறகு பிள்ளைகளின் கைகாலில் புண் வந்தது. ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகி, அதே தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். புண் ஆழமாயிற்று. மறுபடி குளிப்பாட்டினார்கள். பட்டப்பகலில் தெருவில் ஆளில்லை. வாசல்தோறும் வேப்பிலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பிரிசில்லா போய்த் தண்ணீர் எடுத்தார். கோயில் கமிட்டித் தலைவர் காத்தவராயன் வழிமறித்தார்.

"ஏம்மா, உங்க சாமி தண்ணிய திராட்சரசம் ஆக்குனாராமே. எங்க ஆத்தா மஞ்சளாக்குனா மட்டும் வெஷமா?"

"அந்த ரசம் என் மேசைக்கு வந்திருந்தாலும் சோதிச்சுட்டுதாங்க எழுதியிருப்பேன்."

சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். காத்தவராயன் சிரிக்கவில்லை.

சோதனையில் தெரிந்தது குரோமியம் என்ற நச்சு உலோகம், வரம்பைவிட இருநூறு மடங்கு. அறிக்கை போன மறுநாளே கோயில் கமிட்டியிடமிருந்து மனு வந்தது: வேற்று மதத்துப் பெண் எங்கள் தாயை இழிவுபடுத்துகிறாள், எங்கள் ஆளை அனுப்புங்கள். மேலதிகாரி பாலகுமார், மணவாளன் என்பவரை அனுப்பினார். அதே கூடத்தில் வேலை, நெற்றி நிறையத் திருநீறு. ஊரார் பரிவட்டம் கட்டி வரவேற்றார்கள். மூன்றாம் நாள் அறிக்கை வந்தது: உகந்தது. கடைசி வெள்ளிக்கு அந்தக் கிணற்று நீரில் ஊருக்கே கூழ் காய்ச்சுவது என்று முடிவாயிற்று.

வியாழனன்று லோகநாயகி என்ற பெண் பஸ் ஏறிக் கூடத்துக்கு வந்தாள். இடுப்பில் மகள் பவானி, முழங்கைவரை புண்.

"மேடம், அந்த சாரு பாட்டில்ல தண்ணியே புடிக்கல. கையில ஏந்தி ஒரு வாய் குடிச்சாரு, கண்ணுல ஒத்திக்கினாரு, போய்ட்டாரு. நாளைக்கு இவளுக்கும் கூழு ஊத்துவாங்க. குடுக்கட்டுமா, வாணாமா?"

சோதித்த பாட்டில்களை மிச்ச நீரோடு ஒரு மாதம் வைத்திருப்பது அங்கே வழக்கம். பிரிசில்லா அலமாரியைத் திறந்தார். அவருடைய பாட்டில் மஞ்சளாக நின்றது. பக்கத்தில் மணவாளனுடையது, எண், தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு துளிகூட இல்லை. ஈரம் பட்ட தடமே இல்லை.

பாலகுமாரிடம் கொண்டுபோய் வைத்தார்.

"விடும்மா. நீ வாயத் தொறந்தா மதப் பிரச்சனை ஆயிடும்."

"புள்ளைங்க குடிக்கப் போவுது சார்."

"அவுங்கதான அவுங்க ஆளக் கேட்டாங்க?"

பிரிசில்லா லோகநாயகியிடம் வந்து, "குடுக்காத" என்றார். "நானும் நாளைக்கு வரேன்."

வெள்ளியன்று இரண்டு பாட்டில்களையும் ஏந்திக் கோயில் வாசலில் நின்றார். யாரும் திட்டவில்லை, தள்ளவில்லை. அவர் அங்கே இல்லாததுபோல் இருபுறமும் விலகி நடந்து, வரிசையில் நின்று, மஞ்சள் கூழை வாங்கிக் குடித்தார்கள். உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது. பவானியின் கிண்ணம் மட்டும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

பிரிசில்லாவுக்கு இடமாற்ற உத்தரவு வந்துவிட்டது. கிணறு இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. அவர் ஜெபம் அவருக்குத் தகுதி தரவில்லை. மணவாளனின் திருநீறும் குற்றமில்லை. குற்றம் அந்தக் காலி பாட்டில்.

உங்கள் ஊருக்கும் ஒருவர் தண்ணீர் எடுக்க வருவார். அவர் பெயரைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். கிணற்றடியில் கூடவே நில்லுங்கள். பாட்டில் நிறைகிறதா என்று பாருங்கள்.